கை செய்வதை முதலில் எழுதுங்கள்: கலைக் கல்லூரி முடித்தவர்களுக்குப் படைப்புக் குறிப்பு எழுதும் வழி

சென்னை எழும்பூரிலோ கும்பகோணத்திலோ நான்கு ஆண்டு நுண்கலைப் பட்டப்படிப்பை முடித்துவிட்டு மேலூருக்கும் உசிலம்பட்டிக்கும் திருமங்கலத்துக்கும் மதுரைத் தெருக்களுக்கும் திரும்புகிறவர்களிடம் காட்டுவதற்கு நிறையவே இருக்கிறது. கேன்வாஸை விரித்துக் காட்டச் சொன்னால் உடனே காட்டுகிறார்கள். அதைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னால் தயங்குகிறார்கள். ஆனால் கண்காட்சி விண்ணப்பம், உதவித்தொகை, முதுகலை நேர்காணல், கலைஞர் முகாம் என்று எங்கே போனாலும் அந்த ஒரு பக்கத்தைக் கேட்காமல் விடுவதில்லை. கல்லூரியில் இதை ‘ஆர்டிஸ்ட் ஸ்டேட்மென்ட்’ என்று சொல்லியிருப்பார்கள். இங்கே படைப்புக் குறிப்பு என்றே சொல்கிறேன்.

படித்துப் பார்க்கச் சொல்லி என்னிடம் வரும் குறிப்புகளில் பல, ஏறக்குறைய ஒரே வாக்கியத்தில்தான் தொடங்குகின்றன: “மனித மனத்தின் ஆழ்ந்த உணர்வுகளையும் சமூகத்தின் அவலங்களையும் வண்ணங்களின் வழியே வெளிப்படுத்துகிறேன்.” இதில் பொய் ஏதும் இல்லை. ஆனால் கீழே யார் பெயரைப் போட்டாலும் பொருந்தும். அதே மாணவரிடம் டீக்கடையில் பேச்சுக் கொடுத்தால், அப்பா வேலை பார்த்த ரைஸ்மில்லில் தவிடு படிந்த ஜன்னல் கண்ணாடியில் விரலால் கோடு இழுத்ததிலிருந்து ஆரம்பிப்பார். அந்தப் பேச்சுதான் தாளில் வர வேண்டும். வரவழைப்பதற்கு ஒரு வழி இருக்கிறது. ஒவ்வொரு படியாகச் சொல்கிறேன்.

1. எல்லாவற்றையும் தரையில் பரப்புங்கள்

எழுத உட்காரும் முன், கல்லூரி முதல் ஆண்டிலிருந்து நேற்று வரை செய்த எல்லாவற்றையும் ஓர் இடத்தில் பரப்பிப் பாருங்கள். வெயில் தாழ்ந்தபின் மொட்டை மாடி போதும். முடிக்காமல் விட்டவை, ஸ்கெட்ச் புத்தகங்கள், மார்க் குறைந்தவை எல்லாம் வரட்டும். சிற்பங்களுக்குப் புகைப்படம் போதும். பிறகு இரண்டு பிரிவாக ஒதுக்குங்கள்: ஆசிரியர் சொல்லிச் செய்தவை ஒரு பக்கம், யாரும் சொல்லாமல் செய்தவை இன்னொரு பக்கம். உருவப் பயிற்சியும் அசைவற்ற பொருள் வரைதலும் எல்லோரும் செய்ததுதான். குறிப்புக்கு வேண்டியது இரண்டாவது பக்கத்தில் இருக்கிறது.

கலை படிக்காத ஒருவரைப் பக்கத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். அம்மாவோ தம்பியோ பக்கத்து வீட்டு அக்காவோ யாராக இருந்தாலும் சரி. “என்ன தெரிகிறது?” என்று மட்டும் கேட்டுவிட்டு அவர்கள் சொல்வதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். “எல்லாருமே முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார்களே” என்பார் ஒருவர். “பச்சை நிறமே காணோமே” என்பார் இன்னொருவர். ஐந்து ஆண்டாக யாருடைய முகத்தையும் வரையாமல் இருந்திருக்கிறோம் என்பது வரைந்தவருக்கே அப்போதுதான் தெரிய வரும். விளக்கம் சொல்ல வேண்டாம், மறுக்கவும் வேண்டாம். திரும்பத் திரும்ப வருவது எது என்று குறித்துக்கொண்டால் இந்தப் படி முடிந்தது.

2. பொருளையும் வினையையும் பட்டியலிடுங்கள்

ஒரு தாளை நடுவில் மடித்து, இடப் பக்கம் நீங்கள் தொடும் பொருள்களை எழுதுங்கள். ‘கலப்பு ஊடகம்’ என்று எழுதினால் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. காடாத் துணி, சலித்த செம்மண், கருவேலம்பிசின், கரித்துண்டு என்று எழுதினால் அந்தப் பரப்பே எதிரில் நிற்கும். எட்சிங் (தகட்டை அமிலத்தால் அரித்து அச்செடுப்பது) செய்கிறவர் துத்தநாகத் தகட்டையும் அமிலத் தொட்டியையும் எழுதட்டும். டிஜிட்டலில் வரைகிறவர் எந்தக் கருவியில், எந்தத் தூரிகை அமைப்பில் வரைகிறார் என்பதை எழுதட்டும். அதுவும் பொருள்தான், அதில் கூச்சப்பட ஒன்றும் இல்லை.

வலப் பக்கம் வினைச்சொற்கள். ‘வெளிப்படுத்துகிறேன்’, ‘பிரதிபலிக்கிறேன்’, ‘ஆராய்கிறேன்’ ஆகிய மூன்றையும் முதல் வரைவில் தொடவே கூடாது என்று வைத்துக்கொள்ளுங்கள். சுரண்டுகிறேன், முடிச்சிடுகிறேன், அரைக்கிறேன், ஒட்டிக் கிழிக்கிறேன், ஊறவிடுகிறேன், எரிக்கிறேன் என்று உடம்பு செய்கிற செயல்களாக எழுதுங்கள். இவை இல்லாத குறிப்பை நான் மேற்கொண்டு படிப்பதில்லை, திருப்பிக் கொடுத்துவிடுகிறேன். கடுமையாகத் தோன்றினாலும் இதில் நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

3. செய்முறையை ஒரு பத்தியாக எழுதுங்கள்

குறிப்பின் உயிர் இங்கேதான் இருக்கிறது என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

திருப்பரங்குன்றத்துக்கு அருகிலுள்ள விளாச்சேரியில் பல தலைமுறைகளாக மண் பொம்மை செய்கிறார்கள். பிள்ளையார் சதுர்த்திக்குப் பிள்ளையார், நவராத்திரிக்குக் கொலு, கிறிஸ்துமஸுக்குக் குடில் பொம்மைகள் என்று ஆண்டு முழுவதும் அங்கே வேலை நடக்கும். சிற்பம் படித்த ஒரு பெண் அங்கே மண் வாங்கி வேலை செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் எழுதிய முதல் வரைவு இது: “மண்ணுக்கும் மனிதனுக்கும் உள்ள தொன்மையான உறவை என் சிற்பங்கள் பேசுகின்றன.”

இதை ஒதுக்கி வைத்துவிட்டு அவருடைய வேலையைப் பார்ப்போம். கண்மாய் மண்ணை ஊறப்போட்டு, வேரையும் நத்தை ஓட்டையும் பொறுக்கிவிட்டு, துணியில் வடிகட்டுகிறார். சூட்டில் வெடிக்காமல் இருக்க மணல் சேர்த்து மிதிக்கிறார். ஒரு சிறு வில்லை தட்டி, அதன்மேல் 10 சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒரு கோடு கீறி நிழலில் காயவைக்கிறார். காய்ந்து, சுட்டு எடுத்தபின் அந்தக் கோட்டை அளந்தால் 9 சென்டிமீட்டர்தான் இருக்கிறது. மண்ணுக்குள் இருந்த நீர் போன இடத்தைத் துகள்கள் நெருங்கி அடைத்துவிட்டன. மெல்லிய பகுதி முதலில் காய்ந்து இழுக்கும், தடித்த பகுதி பின்தங்கும். இரண்டும் சேரும் இடத்தில்தான் விரிசல் விழுகிறது. வைக்கோலும் வறட்டியும் அடுக்கிச் சுடும்போது காற்றுப் படும் பக்கம் மண்ணிலுள்ள இரும்பு சிவக்கிறது, காற்றுப் படாமல் புகை அடைபடும் பக்கம் கறுக்கிறது.

இவ்வளவையும் கையால் அறிந்த ஒருவர் ‘தொன்மையான உறவு’ என்று எழுதிவிட்டுப் போகலாமா? இரண்டாவது வரைவு இப்படி வரலாம்:

“விளாச்சேரியில் வாங்கும் கண்மாய் மண்ணில் என் பாட்டியின் முகத்தை உயிர் அளவில் செய்தேன். சுட்டபின் அது பத்தில் ஒரு பங்கு சுருங்கியது. சுருங்கிய முகத்திலிருந்து அச்செடுத்து, அந்த அச்சில் மறுபடி மண் அழுத்தி, மறுபடி சுட்டேன். இப்படியே தொடர்ந்ததில் ஏழாவது முகம், முதலில் பிசைந்த முகத்தில் ஏறத்தாழ பாதி அளவு ஆகிவிட்டது. மூக்கும் உதடும் மழுங்கிவிட்டன. காதுத் தொளை மட்டும் கடைசி வரை தெரிகிறது. ஏழையும் வரிசையாக ஒரே பலகையில் வைக்கிறேன்.”

‘நினைவு’, ‘மறதி’, ‘தலைமுறை’ ஆகிய சொற்கள் இதில் எங்கும் இல்லை. ஆனாலும் படிக்கிறவர் அங்கே போய்ச் சேர்ந்துவிடுகிறார். இதற்குப் பிறகு அந்தப் பெண் விரும்பினால் கருத்தாக ஒரு வாக்கியம் சேர்க்கலாம்: “பாட்டியின் முகம் எனக்கு நினைவில் இருப்பதும் இப்படித்தான்.” ஒன்று போதும். இரண்டாவது வாக்கியம் வந்தால் முதலாவது வலுவிழந்துவிடும்.

நீங்கள் ஓவியராக இருந்தாலும் இதே முறைதான். அடிப்பூச்சு என்ன, எத்தனை அடுக்கு, எந்த அடுக்கு காயும் முன் எதைச் செய்கிறீர்கள், எந்தக் கட்டத்தில் தூரிகையை வைத்துவிடுகிறீர்கள்? இந்தக் கேள்விகளுக்குப் பதில் எழுதினாலே ஒரு பத்தி வந்துவிடும்.

4. உந்துதல் எங்கிருந்து வந்தது?

மதுரைக்காரர்களுக்கு இதில் ஒரு சிக்கல் உண்டு. ஊரின் பெயரைச் சொன்னதுமே கோபுரம், மல்லிகை, ஜல்லிக்கட்டு, வைகையில் இறங்கும் அழகர் என்று நான்கும் வரிசைகட்டி வந்துவிடும். இவற்றை எழுதக் கூடாது என்று சொல்லவில்லை. அவற்றில் நீங்கள் நிற்கும் இடம் எது என்பதைச் சொல்ல வேண்டும். சித்திரைத் திருவிழாவில் தண்ணீர் பீய்ச்சும் தோல் துருத்தியைத் தைக்கிறவர் வீட்டுப் பிள்ளைக்கு அந்தத் தோலின் வாடை தெரியும். அவர் அழகரை எழுதினால் அது வேறு அழகர்.

நான் சொல்லும் விதி ஒன்றுதான்: ஸ்கெட்ச் புத்தகத்தில் அந்த இடத்தில் உட்கார்ந்து வரைந்த பக்கம் இருந்தால் எழுதுங்கள், இல்லையென்றால் முதலில் போய் வரைந்துவிட்டு வாருங்கள். போய் உட்காரத் தகுந்த இடங்கள் சிலவற்றைச் சொல்கிறேன்.

கீழடி. மதுரையிலிருந்து சுமார் 12 கிலோமீட்டர் தொலைவில், சிவகங்கை மாவட்டத்தில் இருக்கிறது. 2023 மார்ச்சில் அங்கே அருங்காட்சியகம் திறந்தார்கள். நம் குறிப்புகளில் கீழடி வந்தாலே ‘2,600 ஆண்டு தொன்மை’ என்ற சொற்றொடரும் கூடவே வந்துவிடுகிறது. அது தொல்லியல் அறிக்கைக்குரிய செய்தி. வரைகிறவர் ஒரு பானை ஓட்டின் முன்னால் நின்று கீறலைப் பார்க்க வேண்டும். சுட்ட பானையில் கூர்முனையால் கீறும்போது கோடு வழுக்கும், வளைவில் உடைந்து உடைந்து போகும். ஈர மண்ணில் கீறியிருந்தால் கோட்டின் இரு கரையிலும் மண் ஒதுங்கி நிற்கும். ‘ஆதன்’ என்ற பெயரைப் பொறித்த ஓடுகளும் குறியீடுகள் மட்டும் கீறிய ஓடுகளும் அங்கே கிடைத்திருக்கின்றன. கருப்பு சிவப்புப் பானை ஓடுகளைப் பார்த்தால், மேலே நான் சொன்ன காற்றும் புகையும் ஒரே ஓட்டில் உள்ளும் புறமுமாக நிற்பதைக் காணலாம். இதைப் பார்த்து எழுதிய ஒரு வரி, தொன்மை பற்றிய பத்து வரிகளைவிட மேல்.

கீழக்குயில்குடி சமணர் மலையில் பாறைச் சிற்பங்கள் உள்ள செட்டிப்புடவுக்கும் பேச்சிப்பள்ளத்துக்கும் சாய்வெயில் நேரத்தில் போங்கள். உச்சி வெயிலில் தட்டையாகத் தெரியும் தீர்த்தங்கரர்கள் காலையிலும் மாலையிலும் பாறையிலிருந்து எழுந்து வருவார்கள். சிற்பங்களுக்குக் கீழே வட்டெழுத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன. கல்லைத் தொட்டுத் தேய்த்துப் படியெடுக்க வேண்டாம், அவை பாதுகாக்கப்பட்ட சின்னங்கள். உட்கார்ந்து வரைவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

அழகர்கோயில் வசந்த மண்டபத்தில் நாயக்கர் காலத்து இராமாயண ஓவியங்கள் இருக்கின்றன. காட்சிகளோடு தமிழில் விளக்கமும் எழுதியிருக்கிறார்கள். படத்தையும் எழுத்தையும் ஒரே பரப்பில் வைக்கிறவர்களுக்கு இதைவிட நல்ல பாடம் பக்கத்தில் கிடைப்பது அரிது. ஒரு காட்சி முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தை எப்படிப் பிரித்திருக்கிறார்கள் என்று மட்டும் கவனித்துப் பாருங்கள்.

உந்துதல் பழமையிலிருந்துதான் வர வேண்டும் என்பதில்லை. என்னைக் கேட்டால், மதுரையின் சுவர் எழுத்துக் கலைஞர்கள் இன்னும் அதிகமாகப் பேசப்பட வேண்டியவர்கள். சுண்ணாம்புப் பொடி தடவிய நூலைச் சுவரின் இரு முனையிலும் இழுத்துப் பிடித்துச் சுண்டுவார்கள், நேர்கோடு விழும். அந்தக் கோட்டின்மேல் தட்டைத் தூரிகையால் ஆளுயர ‘அ’வை அளவுகோல் இல்லாமல் இழுப்பார்கள். சுழியின் தடிப்பு எங்கே கூட வேண்டும், எங்கே குறைய வேண்டும் என்பது மணிக்கட்டுக்குத் தெரியும். ஃப்ளெக்ஸ் பேனர் வந்தபின் அவர்களில் பலர் வேறு தொழிலுக்குப் போனார்கள். அவர்களின் மகன்களும் மகள்களும் இன்று கலைக் கல்லூரிகளில் படிக்கிறார்கள். ஆனால் அவர்களுடைய குறிப்புகளில் அப்பாவின் தூரிகை வருவதில்லை, ஐரோப்பிய ஓவியர்களின் பெயர்கள்தான் வருகின்றன. உங்கள் வீட்டுப் பரணில் எனாமல் பெயின்ட் டப்பாவும் அந்த நூல்கண்டும் இருந்தால் அங்கிருந்து தொடங்குங்கள்.

5. யாருக்குக் கடன்பட்டிருக்கிறீர்கள்?

சுங்குடி முடிச்சை உங்கள் கேன்வாஸில் பயன்படுத்துகிறீர்கள் என்றால் அந்த முடிச்சைப் போட்டது யார்? நீங்களே போட்டீர்களா, சௌராஷ்டிரக் குடும்பத்துப் பெண் ஒருவரிடம் கூலி கொடுத்து வாங்கினீர்களா, கடையில் கிடைக்கும் மெழுகு அச்சுச் சேலையா? இன்று சுங்குடி என்ற பெயரில் விற்பவற்றில் மெழுகு அச்சும் நிறைய உண்டு. நகத்தால் துணியைக் கிள்ளி, நூல் சுற்றி, சாயத்தில் முக்கி, அவிழ்த்தால் கிடைக்கும் புள்ளி வேறு. அச்சுக் கட்டையில் விழும் புள்ளி வேறு. எதைப் பயன்படுத்தினாலும் சரி, எது என்பதைத் தெளிவாக எழுதிவிடுங்கள்.

கைவினைஞர் ஒருவர் உங்கள் படைப்பில் உழைத்திருந்தால், அவரிடம் கேட்டு, அவர் சம்மதித்தால் பெயரைக் குறிப்பிலேயே சேருங்கள். “சூளை வேலை: விளாச்சேரி இன்னார்” என்று ஒரு வரி. சினிமாவில் கூட விளக்குப் பிடித்தவர் பெயர் போடுகிறார்கள். ஓர் ஓவியக் கண்காட்சியில் மண் மிதித்தவர் பெயரைப் போடுவதில் என்ன குறை வந்துவிடும்? ‘அழிந்துவரும் கலையை மீட்கிறேன்’ என்று மட்டும் தயவுசெய்து எழுதாதீர்கள். இந்த நவராத்திரிக்கும் அவர்கள் பொம்மை விற்கப் போகிறார்கள். நீங்கள் அவர்களிடம் கற்றுக்கொண்டீர்கள் என்பதே உண்மை, அதையே எழுதலாம்.

குடும்பத்தின் தொழிலை, சாதியின் பெயரால் நேர்ந்த அவமானத்தை, வீட்டில் நடந்த சாவை எழுதலாமா என்று சிலர் கேட்கிறார்கள். எழுதலாம். கண்காட்சி அரங்கில் முன்பின் தெரியாத ஒருவர் அதைப் பற்றி நேரில் கேட்டால் பதில் சொல்ல உங்களால் முடியுமா என்று முதலில் யோசியுங்கள். முடியாதென்றால் அது படைப்பில் இருக்கட்டும், குறிப்பில் வேண்டாம். அடுத்தவருடைய துயரமாக இருந்தால் அவர்களிடம் கேட்காமல் ஒரு வரிகூட எழுதக் கூடாது. பாட்டியின் முகமானாலும் பாட்டியிடம் சொல்லிவிட்டுத்தான்.

6. முன்னோடிகளை எப்படிக் குறிப்பிடுவது?

‘இன்னாரின் தாக்கம் எனக்கு உண்டு’ என்று எழுதுவதில் பயனில்லை. அவரிடமிருந்து எதை எடுத்துக்கொண்டீர்கள் என்று சொல்லுங்கள். ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் 1960களில் ‘சொற்களும் குறியீடுகளும்’ என்ற வரிசையில் எழுத்துகளையும் ஜாதகக் கட்டம் போன்ற அமைப்புகளையும் ஓவியப் பரப்புக்குள் கொண்டுவந்தார். 1966இல் சோழமண்டலம் கலைஞர் கிராமம் உருவானதும் அவருடைய முயற்சியால்தான். உங்கள் ஓவியத்தில் கணக்கு நோட்டின் கட்டங்கள் வருகின்றன என்றால் “எழுத்தைப் படிப்பதற்காக அல்லாமல் பார்ப்பதற்காக வைக்கலாம் என்பதைப் பணிக்கரிடம் கற்றேன்” என்று எழுதலாம். காந்தி நூற்றாண்டான 1969ஐ ஒட்டி கே.எம். ஆதிமூலம் வரைந்த காந்தி கோட்டோவியங்களைப் பார்த்து, கோட்டை எங்கே நிறுத்துவது என்று கற்றிருக்கலாம். மதுரையில் பிறந்த டிராட்ஸ்கி மருதுவின் கோடுகளில் உள்ள ஓட்டத்தைப் பார்த்து உருவங்களை அசைய விட்டிருக்கலாம்.

மனோகர் தேவதாஸ் கலைக் கல்லூரியில் படித்தவர் அல்லர், வேதியியல் படித்தவர். விழித்திரை நோயால் பார்வை குறைந்துகொண்டே போன காலத்திலும் தாம் பிறந்து வளர்ந்த மதுரையைப் பேனா மையில் அவ்வளவு நுணுக்கமாக வரைந்தார். 2020இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. ஊரை வரைகிற எவரும் அவருடைய படங்களில் ஒன்றையாவது பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்திருக்க வேண்டும் என்பது என் விருப்பம்.

இரண்டு பெயர்களுக்கு மேல் வேண்டாம். புத்தகங்கள் தேவைப்பட்டால் புது நத்தம் சாலையில் 2023 ஜூலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்குப் போய் ஒரு முழுநாள் உட்காருங்கள்.

7. நீளமும் மொழியும்

மூன்று அளவில் வைத்துக்கொள்ளுங்கள்: அழைப்பிதழுக்கு 50 சொற்கள், சுவருக்கு 150, விண்ணப்பத்துக்கு 300. முதலில் 300ஐ எழுதி, அதிலிருந்து மற்றவற்றைக் குறையுங்கள். குறைக்கும்போது செய்முறையை விட்டுவிட்டுக் கருத்தை மட்டும் வைத்துக்கொள்ளும் ஆசை வரும். அதற்கு இடம் கொடுக்காதீர்கள். 50 சொல்லிலும் ஒரு பொருளும் ஒரு வினையும் இருக்கட்டும்.

தமிழில் யோசிக்கிறவர் தமிழிலேயே எழுதிவிட்டு, பிறகு ஆங்கிலம் நன்றாக வரும் நண்பரோடு உட்கார்ந்து வரிக்கு வரி மாற்றலாம். கண்மாய், வறட்டி போன்ற சொற்கள் ஆங்கிலக் குறிப்பிலும் அப்படியே இருக்கட்டும், முதல் முறை மட்டும் ஓரிரு சொல்லில் விளக்கினால் போதும். ‘நான்’ என்றே எழுதுங்கள். உங்களை நீங்களே ‘இக்கலைஞர்’ என்று அழைப்பது வாசகரை விலக்கி நிறுத்தும்.

8. படமும் படக்குறிப்பும்

எவ்வளவு நன்றாக எழுதினாலும் மங்கலான புகைப்படம் அதைக் கெடுத்துவிடும். வெயில் நேராக விழாத வராந்தாவில் காலையில் எடுங்கள். கேமரா, படத்தின் நடு உயரத்தில் நேராக இருக்கட்டும், இல்லையென்றால் சட்டம் கோணலாகத் தெரியும். ஃபிளாஷ் வேண்டாம். ஒரு முழுப் படம், பரப்பு தெரியும்படி ஓர் அண்மைப் படம், அளவு புரிய ஒருவர் பக்கத்தில் நிற்கும் படம். சிற்பத்துக்கு இரண்டு கோணங்களாவது வேண்டும்.

படக்குறிப்பின் வரிசை: தலைப்பு, ஆண்டு, பொருள், அளவு. அளவில் முதலில் உயரம், பிறகு அகலம், சிற்பமானால் கடைசியில் ஆழம். சென்டிமீட்டரிலோ அங்குலத்திலோ ஏதாவது ஒன்றில் கடைசி வரை இருங்கள். அச்சோவியமானால் படி எண்ணும் சேர வேண்டும்: 3/10 என்றால் பத்துப் படிகளில் மூன்றாவது. ‘தலைப்பிடப்படாதது’ என்று பத்துப் படங்களுக்கும் போட்டுவிட்டால் எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று தேர்வாளருக்கே புரியாது, குறைந்தது எண்ணாவது போடுங்கள்.

9. வாய்விட்டுப் படியுங்கள்

எழுதியதை உரக்கப் படியுங்கள். மூச்சு முட்டும் இடத்தில் வாக்கியத்தை உடையுங்கள். வீட்டுப் பெரியவர் ஒருவருக்குப் படித்துக் காட்டுங்கள். நடுவில் அவர் “எந்தக் கண்மாய் மண் தாயி, தென்கால் கண்மாயா?” என்று கேட்டால் குறிப்பு வேலை செய்கிறது என்று பொருள். “நல்லா இருக்கு தாயி” என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனால் மறுபடி 2ஆம் படிக்குத் திரும்புங்கள்.

நேர்காணலில் கேட்கப்படும் கேள்விகளுக்கும் இதுவே பயிற்சி. “இது என்ன?” என்ற கேள்வியைச் சிலர் அவமதிப்பாக எடுத்துக்கொள்கிறார்கள். நம் ஊரில் அது அக்கறையோடு கேட்கப்படும் கேள்வி. “இது என் பாட்டியின் முகம், ஏழு முறை சுட்டது” என்று சொன்னால் கேட்டவர் குனிந்து பார்ப்பார். அதன்பின் பேச்சு தானாக நடக்கும்.

10. எங்கே அனுப்பலாம்?

மத்திய பண்பாட்டு அமைச்சகத்தின் இளம் கலைஞர் உதவித்தொகை 18 முதல் 25 வயது வரை உள்ளவர்களுக்கானது. ஓவியம், சிற்பம், அச்சோவியம், மட்பாண்டம் போன்ற துறைகளுக்கும் உண்டு. மாதம் 5,000 ரூபாய் வீதம் இரண்டு ஆண்டுகள் கிடைக்கும். நுண்கலைக்கான தேசிய அமைப்பான லலித் கலா அகாடமியின் தேசியக் கண்காட்சி அறிவிப்பைக் கவனியுங்கள். சென்னை கிரீம்ஸ் சாலையில் அதன் மண்டல மையம் இருக்கிறது. படித்துக்கொண்டிருக்கிறவர்களும் இப்போதுதான் முடித்தவர்களும் கொச்சி பினாலே என்ற பன்னாட்டுக் கலைக் கண்காட்சியோடு நடக்கும் மாணவர் பினாலேயின் அழைப்பையும் பார்க்கலாம். மாநில அரசின் கலை பண்பாட்டுத் துறைக்கு மதுரையிலும் மண்டல அலுவலகம் உண்டு, நேரில் போய் விசாரித்து வருவதே நல்லது. ஒவ்வொரு ஆண்டும் விதிகள் மாறலாம் என்பதால் அந்தந்த ஆண்டின் அறிவிப்பை முழுக்கப் படித்துவிட்டு அனுப்புங்கள். 300 சொல் கேட்டால் 300தான். கோப்பின் பெயரில் உங்கள் பெயர், ஆண்டு, எத்தனை சொல் என்பது மூன்றும் இருக்கட்டும். பழைய வரைவுகளை அழிக்க வேண்டாம், தேதி போட்டுத் தனிக் கோப்புறையில் வையுங்கள்.

கண்காட்சி அமைந்துவிட்டால் குறிப்பைச் சுவரில் ஒட்டும் வேலையும் உங்களுடையதுதான். தமிழ் எழுத்துக்குக் குறைந்தது 18 புள்ளி அளவு வேண்டும், அதற்குக் கீழே போனால் சுழிகள் அடைத்துக்கொள்ளும். தாளின் நடுப்பகுதி தரையிலிருந்து சுமார் 145 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தால் பள்ளிப் பிள்ளைகளும் படிக்கலாம், பெரியவர்களும் குனியாமல் படிக்கலாம். படைப்புக்கு வலப் பக்கம் ஓரடி தள்ளி ஒட்டுங்கள், படத்தின்மேல் நிழல் விழக் கூடாது. பளபளப்பான தாள் விளக்கில் மின்னும், மங்கல் தாளே நல்லது. இரட்டைப் பக்க டேப் மதுரை வெயிலில் மதியத்துக்குள் விட்டுவிடும் என்பதால் தாளை ஃபோம் பலகையில் ஒட்டி, நான்கு மூலையிலும் சிறு ஆணி அடித்துவிடுங்கள்.